அவ சீர்ல வந்த டிரெஸ்ஸிங் டேபிள்

ஜூலை 9, செவ்வாய்
காலையிலருந்து மோடம். மழை வராது, சும்மா பேஜாரு பண்ணும்.

புது டிரெஸ்ஸிங் டேபிள் கேட்டேன். இவரு, "இருக்கிறதையே பெயிண்ட் அடிச்சிக்கலாமே, கலரு மாறினா புதுசுதான?" இருக்கிறது யாருது? மொத பொண்டாட்டி சீர்ல திண்டிவனத்துலருந்து வந்தது. அவ செத்து மூணு வருஷம். நான் வந்து ஏழு மாசம். அவ பேரை இதுல எழுத மாட்டேன். எழுதினா இங்கயும் வந்து உக்காந்துக்குவா.

வாங்க வேண்டியது: உப்புத்தாள், பட்டி, பிரைமர், பெயிண்ட். பச்சை. அவளுக்குப் பச்சை பிடிக்காதாம், நாத்தனார் சொன்னது.

ஜூலை 10, புதன்
கண்ணாடி ஓரமா வரிசையா ஸ்டிக்கர் பொட்டு. அவளோடது. இவரு தெனம் தலை வாரும்போது பாத்துக்கினே இருந்திருக்காரு! பிளேடால சுரண்டினேன். ஒண்ணு விடல. பசை போவல, தேங்காண்ணெய் தடவித் தொடச்சேன்.

செத்தவ மேல பொறாமைப்படறியே, வெக்கமா இல்லையாடி? இல்ல.

மத்தியானம் பூரா உப்புத்தாள் வெச்சு மரத்தத் தேய்ச்சேன். விரல்ல தோலு உரிஞ்சிடுச்சு. சாம்பாரு ஒறைக்கலன்னாரு.

ஜூலை 12, வெள்ளி
ரெண்டாவது கோட்டும் ஆச்சு. டிராயருக்குப் பித்தளைக் குமிழு, பழைய மரச்சாமான் கடையில கழட்டிப் போட்டது. புளி போட்டுத் தேய்ச்சேன், என்னமா பளபளக்குது!

எதிர்வீட்டு அக்கா எட்டிப் பாத்து, "ஏ, கடையில வாங்கினியா? அவ இருந்தப்ப இவ்ளோ அழகா இல்லியே." அந்த ஒரு வார்த்தைக்கு அக்காவுக்கு மல்லாட்டை உரிச்சு வறுத்துக் குடுத்தேன்.

போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சேன். என் போன்ல, இவரு போன்லயும். எல்லாரும் பாக்கட்டும். முக்கியமா திண்டிவனம்.

ஜூலை 13, சனி
பாத்துட்டாங்க. அவ அம்மா போன் பண்ணுச்சு. ஸ்பீக்கர்ல போடச் சொன்னேன்.

"மாப்ள, சின்னவளுக்கு ஆவணியில கல்யாணம். டேபிளு ஒடஞ்சி கெடக்குதுன்னீங்க, நாங்களும் விட்டுட்டோம். இப்ப நல்லாத்தான இருக்குது? புள்ள இல்லாம போனவ சீரு பொறந்த வூட்டுக்குத்தான வரணும். தங்கச்சிக்கு ஆவட்டும். ஆடி பொறக்கறதுக்குள்ள வண்டி எடுத்தாறோம்."

இவரு, "எடுத்துக்கோங்க அத்தை." அவ்ளோதான். என் மூஞ்சியக்கூடப் பாக்கல.

சண்டை. நியாயம் அவங்க பக்கமாம். உப்புத்தாள் புடிச்சது யாரு கை? ஸ்டேட்டஸ் வெச்ச என் கையத்தான் ஒடைக்கணும்.

ஜூலை 15, திங்கள்
வெயில். வண்டி வந்துச்சு. இவரே கண்ணாடிக்குப் போர்வை சுத்திக் கயிறு கட்டினாரு. என் போர்வை.

அந்தம்மா பச்சையத் தடவித் தடவிப் பாத்துச்சு. "நல்லா பண்ணியிருக்கம்மா. என் பொண்ணு பாத்திருந்தா சந்தோஷப்பட்டிருக்கும்." அழுதுச்சு. நான் அழல. காபி குடுத்தேன், சக்கரை கம்மியா. வேணும்னுதான்.

மொதல்ல, இந்த டேபிளு ஒழிஞ்சா நிம்மதின்னு நெனச்சிக்கினு இருந்தேன். ஒழிஞ்சிடுச்சு. பொறாமை எங்கயும் போவல, இன்னும் ஜாஸ்தி.

செத்து இத்தினி நாளாச்சு, இன்னமும் அவ சாமானைக் கேட்டு வண்டி புடிச்சிக்கினு வர ஒரு அம்மா இருக்கா அவளுக்கு. எங்கம்மா கண்டமங்கலத்துல இருக்கா, உசுரோட. இங்க விழுப்புரத்துக்கு ஒரே பஸ்ஸு, மாறக்கூட வேணாம். கல்யாணம் பண்ணி அனுப்பினதோட சரி, ஒரு தடவ எட்டிப் பாக்கல.