தங்கைக்குத்தான் எழுதினேன்

சிசுமுலு தீவு
ஜனவரி 9

அன்புத் தங்கை ஸியோனேவுக்கு,

மாலிசேனி அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணி நாஃபிரியும் நன்றாக இருக்கிறோம். மகள் தியமியும் அப்படியே என்று எழுதத்தான் ஆசை.

போன வாரம் அவளுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் விட்டதும் நிம்மதியானோம். ஐந்தாம் தேதி காலையில் பாயிலிருந்து எழுந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். இடது கால் நிற்கவில்லை. வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. தூக்கினால் ஈரத்துணி மாதிரி தொங்குகிறது. "அப்பா, நான் முழிச்சுட்டேன், என் காலு இன்னும் தூங்குதுப்பா" என்கிறாள். நாலு வயதுக் குழந்தை, சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.

நீ சுகாதார அலுவலகத்தில் இருப்பவள், உனக்கு மருந்து தெரியும். அடுத்த கப்பலில் அனுப்பு. வேறு யாருக்கும் தெரிய வேண்டாம். என் மாமியார் இப்போதே பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்து "சூனியம் வச்சவ கண்ணப் பாரு" என்று முணுமுணுக்கிறாள். உன்னிடம் மட்டும் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். சொட்டு மருந்துக்காரர்கள் தீவுக்கு வந்தபோதெல்லாம் நாங்கள் ஏரியின் எதிர்க்கரையில், மொசாம்பிக் பக்கத்து மீன் வாடியில் குடிசை போட்டுத் தங்கியிருந்தோம். குழந்தை ஒரு சொட்டுகூடக் குடித்ததில்லை.

மாங்காய் ஒரு கூடை கொடுத்துவிட்டிருக்கிறேன்.

உன் அண்ணன்
மாலிசேனி


ங்காட்டா பே
ஜனவரி 12

அன்பான அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை நேற்றுச் சாயங்காலம் கப்பலடியில் நின்றபடியே படித்தேன். இரண்டாம் முறை படித்து முடித்ததும் மாங்காய்க் கூடையை அங்கேயே விட்டுவிட்டு மாவட்டச் சுகாதார அதிகாரி வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட்டேன் அண்ணா.

பதினைந்து வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும் திடீரென்று கை கால் துவண்டால், தெரிந்த அன்றே அறிவித்தாக வேண்டும். சட்டம் அது. அண்ணன் மகளுக்கு ஒரு சட்டம், அடுத்தவர் மகளுக்கு ஒரு சட்டம் இல்லை. இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர்கள் அதற்காகத்தான் வருகிறார்கள். தியமியின் மலத்தை இரண்டு முறை, ஒரு நாள் இடைவெளி விட்டு எடுத்து ஐஸில் வைப்பார்கள். கால் விழுந்து பதினான்கு நாளுக்குள் எடுக்க வேண்டும். இன்றோடு ஏழு ஓடிவிட்டது.

நான் பயப்படும் நோயாக இருந்தால், ஒரு குழந்தையின் கால் விழுவதற்குள் அது நூறு, இருநூறு குழந்தைகளின் வயிற்றில் சத்தமில்லாமல் புகுந்திருக்கும்.

மருந்து கேட்டிருந்தீர்கள். அந்தக் காலுக்கு மருந்து இல்லை அண்ணா. இதை எழுத இவ்வளவு நேரம் ஆயிற்று.

படகில் எனக்கும் இடம் இருந்தது. உங்கள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

தங்கை
ஸியோனே


சிசுமுலு
ஜனவரி 18

ஸியோனேவுக்கு,

உன் ஆட்கள் வந்தார்கள். நாலு பேர், ஒரு நீலப் பெட்டி. இரண்டு நாள் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து, என் மகள் எப்போது வெளிக்குப் போவாள் என்று காத்திருந்தார்கள். நாடாவால் அவள் காலை அளந்தார்கள். அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கரைக்கு நடந்தபோது ஊரே பின்னால் வந்தது. "என்ன மாலிசேனி, ராஜா வீட்டுப் பொக்கிஷமா போகுது? நாத்தம் அடிக்காம மூடியிருக்காங்களா?" என்று வலைக்காரன் ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நாஃபிரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இப்போது எங்கள் வாசல் பக்கம் ஒரு குழந்தையும் வருவதில்லை. என்னோடு வலை இழுக்க ஆளில்லை. நான் பிடித்த உசிபா மீனைக்கூட வாங்க யோசிக்கிறார்கள்.

அரசாங்கத்துக்கு எழுத நினைத்திருந்தால் எனக்கு விலாசம் தெரியும். நான் தங்கைக்குத்தான் எழுதினேன்.

இனிமேல் எழுதாதே.

மாலிசேனி


ங்காட்டா பே
பிப்ரவரி 24

அண்ணாவுக்கு,

எழுதாதே என்றீர்கள். இதை மட்டும் படித்துவிடுங்கள்.

அந்த நீலப் பெட்டி படகிலும் லாரியிலும் போய், பிறகு விமானம் ஏறி, தென்னாப்பிரிக்காவில் ஒரு ஆய்வகத்துக்குப் போனது. வழியெல்லாம் ஐஸ் மாற்றியிருக்கிறார்கள். போன வாரம் பதில் வந்தது. அதே நோய்தான், போலியோ.

அன்றைக்கே அலுவலகத்தில் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது, இன்றுவரை நிற்கவில்லை. தலைநகரிலிருந்து, தான்சானியாவிலிருந்து, ஸாம்பியாவிலிருந்து, மொசாம்பிக்கிலிருந்து. நான்கு நாடுகள், ஒரே வாரத்தில், ஐந்து வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் சொட்டு மருந்து கொடுக்கப் போகின்றன. பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறது. மீன் குளிர்கிடங்கில் மீனை வெளியே எடுத்துவிட்டு ஐஸ் உறைய வைக்கிறார்கள். பள்ளி வாத்தியார்கள், பாதிரியார்கள், மசூதிக்காரர்கள், சைக்கிள் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் வேலை இருக்கிறது. சுவரில் ஒட்டிய வரைபடத்தில் சிவப்பு மையால் ஒரே ஒரு புள்ளி. அது நம் வீடு அண்ணா.

காகிதங்களில் அவள் பெயர் கிடையாது, ஓர் எண் மட்டும்தான். அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம், ஆளில்லாத பெரிய கோவிலுக்குள் தனியாக நுழைந்த மாதிரி எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. நான் செய்தது என்ன? ஒரு கதவைத் தட்டி நாலு வார்த்தை சொன்னேன். அதற்கு இவ்வளவு பெரிய உலகம் எழுந்து நிற்கும் என்று நினைக்கவே இல்லை.

எதிர்க்கரை வாடிகள் எந்த வரைபடத்திலும் இல்லை. ஒவ்வொன்றும் தெரிந்த படகுக்காரர் வேண்டும் என்றார்கள். உங்களைக் கேட்காமலே உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். மறுபடியும்.

ஸியோனே


சிசுமுலு
மார்ச் 30

அன்புத் தங்கை ஸியோனேவுக்கு,

போனேன். உனக்காக இல்லை. வழி தெரியாதவன் எவனாவது சொட்டு மருந்து கொண்டுவந்த நர்சுகளைப் பாறையில் கொண்டுபோய் மோதிவிடுவானே என்று போனேன்.

ஒன்பது நாள். ஒவ்வொரு வாடியிலும் நாங்கள் போய்ச் சேரும் முன்பே சேதி போயிருந்தது. மலைக்குப் பின்னாலிருந்து தாய்மார்கள் இரண்டு நாள் நடந்து வந்திருந்தார்கள், முதுகில் ஒரு குழந்தை, கையில் ஒன்று. ஒரு விடியற்காலை படகைக் கரைப்பக்கம் திருப்பினேன். மணல் தெரியவில்லை, குழந்தைகளாக இருந்தது. ஆளுக்கு இரண்டு சொட்டு, சுண்டு விரலில் மை. விரலைத் தூக்கித் தூக்கி எங்களிடம் காட்டினார்கள். நானும் இந்த ஏரியில் முப்பது வருஷம் ஓடியவன், புயல் பார்த்திருக்கிறேன், இதைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை. துடுப்பைப் போட மறந்து நின்றேன்.

ஒருத்தி கேட்டாள்: "எந்த ஊரு புள்ளைக்கு வந்துச்சுன்னு இம்புட்டுக் கூட்டம்?"

"எங்க ஊரு புள்ளைக்கு" என்றேன்.

"அந்தப் புள்ள நல்லா இருக்கட்டும்" என்றாள்.

தியமி படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகுகிறாள். இடது கால் மெலிந்துவிட்டது. நொண்டி நொண்டியே ஆட்டுக்குட்டியை விரட்டுகிறாள். இப்போது எங்கள் வாசலில் குழந்தைகளின் சத்தம் கேட்கிறது.

இனி எழுதப்போவது நாஃபிரிக்குக்கூடத் தெரியாது. ஏழாம் நாள் ஒரு வாடியில் சைடியைப் பார்த்தேன், என்னோடு எட்டு வருஷம் வலை போட்டவன். சாப்பிடக் கூப்பிட்டான். சாப்பாடு போட்டுவிட்டு, உள்ளேயிருந்து மகனைத் தூக்கி வந்தான். பையனின் வலது கை நாலு நாளாகத் தொங்குகிறது. "அண்ணே, இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். ஊருக்குத் தெரிஞ்சா என் பொண்டாட்டி போயிருவா. உங்களத்தான் நம்பிக் காட்டுறேன்."

சாப்பிட்டேன். கை கழுவினேன். படகு நின்ற இடம் ஐம்பது அடிகூட இருக்காது. நடந்து முடிக்க ஒரு நாள் ஆனது போல இருந்தது. நர்சிடம் சொன்னேன்.

அவர்கள் அவன் குடிசைக்குள் போனபோது சைடி வெளியே வந்து என்னைப் பார்த்தான். திட்டவில்லை. நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் மனதில் என்ன ஓடியது என்று எனக்கு ஒரு எழுத்து விடாமல் தெரியும். ஜனவரியில் நானே உனக்கு எழுதியதுதான்.

அடுத்த கப்பலில் வா. நாங்கள் மூன்று பேரும் கரையில் நிற்போம்.

உன் அண்ணன்
மாலிசேனி