உப்புத் தண்ணீரில் அவித்த மாஸ்க்

இன்று காலை வார்டுக்குப் புது மாஸ்க் வந்திருக்கிறது. ஒருமுறை போட்டுவிட்டு எறிந்துவிடலாமாம். பெட்டியைப் பிரித்து ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். அவ்வளவு மெத்தென்று இருந்தது. சுற்றி நின்ற சின்ன நர்சுகள் வேர்க்கிறது, மூச்சு முட்டுகிறது என்று முனகிக்கொண்டே மாட்டினார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திட்ட வாயெடுத்தவள், திட்டாமல் துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உன்னை நினைத்துத்தான்.

நாம் சேர்ந்து வேலை பார்த்த காலத்தில் மாஸ்க் என்றால் பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து நாலு மடிப்பாகத் தைத்த துணி. திருச்சுழி போகும் வழியில் காட்டுக்கு நடுவே இருந்த நம் மிஷன் ஆஸ்பத்திரியில், எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது. காசநோய் வார்டு மாஸ்க்குகளைப் பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரிலேயே அவித்து, வேலிமேல் காயப்போடுவார்கள். அப்பளம் மாதிரி விறைத்துப் போய் வரும். பவுடர் நெடி போகவே போகாது. அதைக் கட்டிக்கொண்டு சித்திரை வெயிலில் நாள் முழுக்க நிற்க வேண்டும். மற்றவர்களுக்கு மூக்குத் தண்டு சிவக்கும், கொஞ்சம் அரிக்கும், அத்தோடு சரி. உன் தோல் தாங்கவில்லை. வாயைச் சுற்றியும் கன்னத்திலும் கொப்புளம் கிளம்பி, உடைந்து, நீர் வடிந்தது.

ஆஸ்பத்திரியிலேயே முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு டியூட்டிக்கு வருகிற ஒரே ஆள் நீதான். நோயாளி உன்னைப் பார்க்கிறானா, ஊசியைப் பார்க்கிறானா என்று கேலி பண்ணுவேன். கொப்புளம் வந்த பிறகு நான் கேலியை விட்டுவிட்டேன். அதுதான் உன்னை அதிகம் வருத்தியது என்று பின்னால் ஒருநாள் சொன்னாய்.

டவுனிலிருந்து லாரியில் நல்ல தண்ணீர் வரும், குடிக்க மட்டும். என் பங்கில் கொஞ்சம் எடுத்து உன் மாஸ்க்கை அலசிக் கொடுத்தேன். புண் ஆற ஆரம்பித்தது. அப்புறம் கோடை முற்றியது, லாரி வருவது குறைந்தது, குடிக்கவே தட்டுப்பாடு வந்தது. புண் திரும்பவும் கிளம்பிவிட்டது.

எங்கள் வீடு நெசவுக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, சாமியும் வேறு. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை உன்னோடு சர்ச்சுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். பாட்டுக் கேட்கப் பிடிக்கும். மாதத்துக்கு ஒருமுறை திருவிருந்து. பீடத்துக்கு முன்னால் நீங்கள் வரிசையாக முட்டிபோட, போதகர் திராட்சரசம் இருக்கும் ஒரே பாத்திரத்தை ஒவ்வொருவர் உதட்டிலும் வைப்பார். விளிம்பைத் துடைத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுப்பார். அன்றைக்கு உனக்கு அடுத்து முட்டிபோட்டிருந்த அம்மா உன் வாயைப் பார்த்தார். ஏதோ மறந்துவிட்டவர் மாதிரி எழுந்து வரிசையின் மறுகோடிக்குப் போனார். அவருக்கு அடுத்தவரும் எழுந்தார். நீ குடித்த பிறகு அந்தப் பாத்திரத்தில் குடிக்க ஆள் இல்லை.

குஷ்டம், பெருவியாதி என்று பேச்சு கிளம்பியது. டாக்டர் பரிசோதித்துவிட்டு, அதெல்லாம் இல்லை, துணியும் பிளீச்சிங் பவுடரும் செய்த வேலை என்றார். இதைச் சர்ச்சில் எழுந்து நின்று கத்தட்டுமா என்று கேட்டேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அடுத்த மாதம் எல்லோரும் குடித்து முடித்து எழுந்து போகிறவரை காத்திருந்து, கடைசி ஆளாகத் தனியாகப் போய் முட்டிபோட்டாய். அதற்கடுத்த மாதமும் அப்படித்தான்.

அப்புறம்தான் மாஸ்க்கைக் கழற்றினாய். டாக்டர் வரும்போது கட்டுவாய், அவர் தலை மறைந்ததும் கழுத்துக்கு இறக்கிவிடுவாய். இருமுகிறவர்களுக்கு நடுவே வெறும் முகத்தோடு நின்றாய். நான் சண்டை போட்டேன், உன்னோடு பேசாமல்கூட இருந்து பார்த்தேன்.

"புண்ணு ஆறி, எல்லாரு கூடவும் வரிசையில முட்டிபோடணும்டி. எனக்கு அது போதும். பெறகு கட்டிக்கிறேன்" என்றாய்.

புண் ஆறியது. ஆனால் ஆறிய இடமெல்லாம் வெளுத்துத் தேமலாக நின்றுவிட்டது. சந்தேகப்பட்டவர்களுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? புண்ணைப் பார்த்து ஒதுங்கியவர்கள் தேமலைப் பார்த்து இன்னும் தள்ளிப் போனார்கள். தேமல் மறையட்டும், மறையட்டும் என்று நீ மாஸ்க் கட்டாமலே காத்திருந்தாய். முதலில் மாலைக் காய்ச்சல் வந்தது. பிறகு தலைவலி. காசநோய் மூளைக்கு ஏறிவிட்டது என்று மதுரைக்கு அனுப்பினார்கள்.

அந்தத் துணி கட்டியிருந்தால் பிழைத்திருப்பாயா என்று டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாது, கட்டியவர்களுக்கும் வந்திருக்கிறது என்றார். இந்த 'சொல்ல முடியாது' என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, சொல். யார்மேலும் முழுசாகக் கோபப்படக்கூட முடியவில்லை.

மதுரை ஆஸ்பத்திரிக்குப் போதகர் வந்த அன்று உன் அம்மா மாற்றுத் துணி எடுத்துவர மல்லாங்கிணறு போயிருந்தார். கட்டிலருகே நான் மட்டும்தான். உனக்கு அன்று நல்ல நினைவு இருந்தது. போதகர் ஜெபம் பண்ணி, சின்னப் பாத்திரத்தை உன் உதட்டில் வைத்தார். குடித்தாய். அவர் விளிம்பைத் துடைக்க வெள்ளைத் துணியை எடுத்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"தொடைக்காதீங்க ஐயா. எனக்குப் பெறகு யாராச்சும் ஒரு ஆளு குடிக்கட்டும்."

அவர் சுற்றிலும் பார்த்தார். நான்தான் இருந்தேன். நான் ஞானஸ்நானம் பெறாதவள், அந்தப் பாத்திரத்தில் குடிக்கக் கூடாதவள் என்று அவருக்குத் தெரியும். நான் என் மாஸ்க்கைக் கழற்றினேன். அவர் துணியை மடித்து வைத்துவிட்டுப் பாத்திரத்தை என்னிடம் நீட்டினார். அடியில் ஒரு மிடறு இருந்தது. குடித்தேன். நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, நெடுநேரம் தூங்கினாய். அதற்கப்புறம் நினைவு திரும்பாமலே நீ போய்விட்டாய்.

அதற்கு முன்னாலும் நான் அந்தப் பாத்திரத்தில் குடித்ததில்லை, பின்னாலும் இல்லை. நீ எங்கள் சபையா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்கிறேன். ஆனால் உனக்குப் பிறகு குடித்தவள் நான்.