ராஷ்கோவின் கைதட்டல்

ஸ்லிவன்,
வியாழன் மாலை.

அன்பு நண்பன் ராஷ்கோவுக்கு,

காமென் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி கின்காவும் சுகம். அங்கே நீயும் உன் வறட்டுப் பிடிவாதமும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எத்தனை முறை கூப்பிட்டும் நீ போனை எடுக்கவில்லை. அதனால்தான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். ஹாம்பர்க் பஸ் ஓட்டும் மித்கோ நாளைக் காலை கிளம்புகிறான். இந்தக் கடிதத்தையும் கின்கா அரைத்த மிளகாய் விழுது ஒரு ஜாடியையும் உன் கையிலேயே தருவான். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழி.

வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே. மலைக்காற்றில் பறந்த ஓடுகளை மாற்றிவிட்டேன். பீச் மரங்கள் கிளை முறியக் காய்த்திருக்கின்றன. உன் நாய், சோறு போடுகிற என்னைப் பார்த்தே இன்னும் குரைக்கிறது. எசமான் புத்தி அப்படியே இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர் சர்வதேசத் தடகளப் போட்டி செவ்வாயன்று நடந்து முடிந்தது. பார்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவன் நீ. உன் சத்தியம் எனக்குத் தெரியும், பார்த்திருக்க மாட்டாய். அதனால் நான் சொல்கிறேன். பாதியில் மடித்து வைக்காமல் கேள்.

முதல் நாள் சாயங்காலம் வழக்கம்போல எல்லாரும் மதுக்கடையில் கூடினோம். மருந்துக்கடை யோன்கோ உயரம் தாண்டும் பெண்களின் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு ஜோசியம் சொல்ல ஆரம்பித்தான். "இத்தாலிக்காரி ரெண்டு மீட்டரைத் தொடுவா, எழுதி வெச்சுக்கங்க. போலந்துக்காரிக்குக் கணுக்கால் சரியில்ல. நம்ம நெவெனா ஆறாவது, அதுவும் காத்து கருணை காட்டினா" என்றான். எனக்குச் சுருக்கென்றது. "ஆறாவதா? உன் கடை மருந்தை நீயே குடிச்சிட்டு வந்தியா?" என்று கேட்டேன். கடை முழுக்கச் சிரித்தது. யாரோ, "ராஷ்கோ இருந்திருந்தா யோன்கோவோட பட்டியல இந்நேரம் கிழிச்சிருப்பான்" என்றார்கள். அதோடு சிரிப்பு நின்றுபோயிற்று.

அதே மேஜையில்தானே போன வருஷம் நீ கத்தினாய்? மகள் நெவெனா உன்னை விட்டு தலைநகர் சோபியாவில் வேறு பயிற்சியாளரிடம் போய்விட்டாள், அவன் அவளுடைய ஓட்டத்தையே மாற்றிவிட்டான் என்று. "எங்கிட்ட ஒரு மீட்டர் தொண்ணூத்தி மூணு தாண்டினா. இந்த நொண்டி ஓட்டத்தோட அதுக்கு மேல ஒரு விரக்கடை தாண்டினாலும் நான் என் பேரை மாத்திக்கிறேன்!" என்று மேஜையைக் குத்தினாய். மறுவாரமே வெல்டிங் வேலை என்று ஜெர்மனிக்குப் பஸ் ஏறினாய். தாயில்லாப் பெண்ணைத் தோளில் தூக்கி வளர்த்தவன், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போனாய். உன்னை நான் திட்டவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

செவ்வாயன்று மைதானத்தில் எள் விழ இடமில்லை. ஓடுபாதை திரும்பும் நமது வளைவில், உயரம் தாண்டும் மெத்தைக்கு நேர் மேலே, அதே வரிசையில் உட்கார்ந்தோம். சூரியகாந்தி விதைப் பொட்டலம் கைக்குக் கை போனது. கின்காவையும் இழுத்து வந்திருந்தேன். உனக்குத்தான் தெரியுமே, அவளுக்கு ஹோரோ நடனம் ஒன்றுதான் உலகம். "ஓடுறாங்க, தாண்டுறாங்க, இதுல பாக்க என்ன இருக்கு?" என்று முனகிக்கொண்டே வந்தாள். நூறு மீட்டர் ஓட்டம் முடிந்ததும் அவளும் எழுந்து நின்றுவிட்டாள். "மனுஷங்கதானா இவங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். எனக்கும் அந்தச் சந்தேகம்தான்.

இத்தாலிக்காரியைச் சொல்லியாக வேண்டும். தனக்குள் ஏதோ பாடிக்கொண்டே வந்தாள், எழும்பினாள், பாட்டு நிற்பதற்குள் மெத்தையில் கிடந்தாள். குறுக்குக் கம்பம் அசையக்கூட இல்லை. யோன்கோ வாயில் போட்ட விதையைக் கடிக்க மறந்து உட்கார்ந்திருந்தான். நம் நெவெனாவும் சளைக்கவில்லை. தொண்ணூற்று மூன்று வரை ஒவ்வொன்றையும் தாண்டினாள். போலந்துக்காரி, மற்றவர்கள் என்று ஒவ்வொருவராக உட்கார்ந்துவிட்டார்கள். கம்பத்தைத் தொண்ணூற்றாறில் வைத்தபோது இரண்டே பேர் நின்றார்கள், ராஷ்கோ. அதில் ஒருத்தி உன் மகள்.

பெரிய உயரம் வந்தால் நம் வளைவு என்ன செய்யும்? நீ எங்களுக்குப் பழக்கிய உன் கைதட்டலைத் தொடங்கும். நீ இல்லாததால் என்னைத் தொடங்கச் சொன்னார்கள். நானும் பெருமையோடு எழுந்து தொடங்கினேன். முதலில் நிதானம், அப்புறம் வேகம், அப்புறம் இன்னும் வேகம். உன் தாளத்தை ஊரே மனப்பாடமாக வைத்திருக்கிறது. அரங்கமே அதிர்ந்தது. அவள் ஓடி வந்தாள், கம்பத்துக்கு மிக நெருங்கி வந்து எம்பினாள், இடுப்பில் பட்டுக் கம்பம் விழுந்தது. இரண்டாவது முறை இன்னும் பலமாகத் தட்டினோம். இன்னும் மோசமாக விழுந்தது. மெத்தையில் உட்கார்ந்தபடி அவள் நம் வரிசையை ஏறிட்டுப் பார்த்தாள்.

அப்போதுதான் கின்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நிறுத்துங்க! அவ காலை இழுக்கறதே உங்க கைதான். ஹோரோவுல மேளக்காரன் அவசரப்பட்டா எங்க எல்லார் காலும் பின்னிக்கும். அவ மெதுவா ஆரம்பிக்கிறா, நீங்க முதல் அடியிலேயே துரத்துறீங்க. இது அவளோட தாளமே இல்ல" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் தட்டியது அவளுடைய பழைய ஓட்டத்துக்கு. நீ பழக்கிய ஓட்டத்துக்கு. சின்ன வயதிலிருந்து அந்தச் சத்தத்துக்கு ஓடிய கால், கேட்டதும் அதன் பின்னால் போய்விடுகிறது. அவள் என்ன செய்வாள் பாவம்! ஊரே சேர்ந்து ஆசை ஆசையாக அவளைக் கெடுத்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது முறை. இதுவும் விழுந்தால் முடிந்தது. நான் பெஞ்சின் மேல் ஏறி, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கையையும் அகல விரித்தேன். "யாரும் தட்டாதீங்க! நம்ம பொண்ணுக்காக, ஒருத்தரும் தட்டாதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "காமெனுக்குப் பித்துப் பிடிச்சிருச்சு" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். யோன்கோ அவன் வாயைப் பொத்திவிட்டு, கம்பி வேலி ஓரமாக ஓடி ஓடி ஒவ்வொரு வரிசையாகக் கும்பிட்டான். முதலில் நம் வளைவு அடங்கியது. பிறகு பக்கத்து வளைவு. பிறகு எதிர்ப்பக்கம். ஒலிபெருக்கிக்காரனும் புரிந்துகொண்டு பாட்டை நிறுத்தினான்.

ராஷ்கோ, அப்படி ஒரு அமைதியை நான் தேவாலயத்தில்கூடக் கேட்டதில்லை. கொடிக்கம்பத்தில் கயிறு மோதும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு நடப்பது போலத் தொடங்கினாள். அவள் காலடியை நான் முதல்முறையாகக் கேட்டேன். மெது, மெது, அப்புறம் கடைசியில் சடசடவென்று. எழுந்தாள். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு மெல்ல மேலே போவதை எப்படி எழுதுவேன்! முதுகு கம்பத்தை உரசியது. கம்பம் நடுங்கியது. காற்று வேறு. யாரும் மூச்சு விடவில்லை. நடுங்கி நடுங்கி, அது அங்கேயே நின்றுவிட்டது.

தாண்டியது செல்லும் என்று நடுவரின் வெள்ளைக் கொடி உயர்ந்தது. அதன் பிறகு கேட்ட சத்தம் உங்கள் ஹாம்பர்க் வரை வந்திருக்க வேண்டும். யோன்கோ அழுதான். நான் அழவில்லை என்று சொன்னால் கின்கா இந்தக் கடிதத்தைப் பிடுங்கிக்கொள்வாள். இத்தாலிக்காரி கடைசியில் யோன்கோ சொன்னபடியே இரண்டு மீட்டரைத் தாண்டி முதலிடம் பெற்றாள். அவளையும் நம் ஊர் எழுந்து நின்று கொண்டாடியது. அந்தத் தாண்டலுக்கு எழாதவனுக்குக் கண்ணே இல்லை.

எல்லாம் முடிந்ததும் நெவெனா வேலி ஓரம் வந்து கின்காவைக் கட்டிக்கொண்டாள். பிறகு என்னிடம் கேட்டாள். "காமென் சித்தப்பா, அப்பா பாத்திருப்பாரா?"

"பாத்திருப்பாராவா? போன்ல அவர் கத்துன கத்துல என் காதே அடைச்சுப் போச்சும்மா" என்று சொல்லிவிட்டேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "என்ன சொன்னாரு?" என்றாள். அதற்கு மேல் எனக்குப் பொய் வரவில்லை. "அதை அவரே சொல்வாராம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உன்னைக் கூப்பிடறேன்னாரு" என்று உளறிவிட்டேன். அவள் உடனே நெஞ்சிலிருந்த எண் துணியைக் கழற்றி, "அப்பாவுக்கு அனுப்புங்க" என்று என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். ஜாடியைச் சுற்றியிருப்பது பழந்துணி அல்ல. பிரித்துப் பார். எண்ணுக்கு மேலே கொட்டை எழுத்தில் தோனெவா என்று உன் குடும்பப் பெயரே இருக்கும்.

ஆகையால் பெயரை மாற்றிக்கொள்ளாதே, தோனெவ். அந்தப் பெயரைக் குத்திக்கொண்டுதான் அவள் அந்த உயரத்தைத் தாண்டினாள்.

மித்கோ சனிக்கிழமை வந்து சேர்வான். ஞாயிறு சாயங்காலம் அவள் எங்கும் போக மாட்டாள், போனைக் கையிலேயே வைத்திருப்பாள். கூப்பிடு. என்ன பேசுவதென்று தெரியாவிட்டால் ஒன்றும் பேசாதே. நீ மூச்சு விடுகிற சத்தம் கேட்டால் அவளுக்குப் போதும்.

கடவுள் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தரட்டும்.

இப்படிக்கு,
உனக்காகப் பொய் சொல்லிவிட்டு
ஞாயிற்றுக்கிழமையை நினைத்து நடுங்கும்
காமென்