இடப்பக்கக் கல்லடுக்கு

அகபா
12 செப்டம்பர் 1994

என் முத்லக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் வீட்டாரும் ஒட்டகங்களும் நலம்தானே? நலமென்றே வைத்துக்கொள்கிறேன், ஆறு மாதமாக நீ ஒரு வரி எழுதவில்லை. பஸ் ஓட்டுகிற அபூ தாயிஸ் வாரம் இரண்டு முறை உன் கூடாரத்தைத் தாண்டித்தான் இங்கே வருகிறான். "முத்லக் ஏதாவது குடுத்தானா?" என்று கேட்டால், "சலாம் குடுத்தான்" என்று பல்லை இளிக்கிறான். சலாமை வைத்து நான் என்ன செய்ய?

இடுப்பெலும்பு கூடிவிட்டது. இப்போது ஊன்றுகோல் ஒன்று போதும். மச்சினன் பிடித்துக் கொடுத்த வேலை, ஹோட்டல் வாசலில் விருந்தாளிகளின் பெட்டிகளுக்குக் காவல். "மலையெல்லாம் ஏறின மனுஷன் இப்ப பொட்டி எண்ணுறாரு" என்று வீட்டுக்காரி நூஃபா கேலி செய்கிறாள். செய்யட்டும். அவள் சிரித்தே நாளாயிற்று.

வேறொன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. நேற்றுப் பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் தெரு இரண்டாகப் பிரிந்தது. தினமும் போகிற தெருதான். எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றுவிட்டேன். கடைசியில் சிகரெட் விற்பவனிடம் வழி கேட்டேன். நான், முத்லக், நான் கேட்டேன்!

அதனால்தான் எழுதுகிறேன். காக்கை இடுக்கு என்கிற அந்த ஒடுங்கிய மலைப்பிளவில் நாம் நாற்பது முறையாவது இறங்கியிருப்போம். மூன்றாவது திருப்பத்தில் பாறை விளிம்பு இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் போனால் சுனை. இடப்பக்கம் உதிரிப் பாறை. மார்ச்சில் அன்றைக்கு, வழி காட்ட நாம் வைத்த கல்லடுக்கு இடப்பக்கம் இருந்தது. பார்த்தேன், கால் வைத்தேன், நானும் நான் கூட்டிப்போன அந்தப் பிரெஞ்சுக்காரரும் இரண்டு ஆள் உயரம் விழுந்தோம். அவர் தேறி ஊர் போய்விட்டார். பிறகு போய்ப் பார்த்தவர்கள் எல்லாரும், கல் எப்போதும்போல வலப்பக்கம்தான் இருக்கிறது என்கிறார்கள். "சுவைலிமுக்குக் கண்ணு போச்சு" என்று ஷேக்கின் கூடாரத்தில் பேச்சு. இனி வழிகாட்ட யார் என்னை நம்பி விருந்தாளியை அனுப்புவார்கள்?

முதலில் என்னிடம் இறங்கி வந்தவன் நீ. கல் எந்தப் பக்கம் இருந்தது? ஒரு வரி போதும்.

உன்
சுவைலிம்


வாதி ரம்
25 செப்டம்பர் 1994

அன்புள்ள சுவைலிமுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். கோபித்துக்கொள்ளாதே. என் எழுத்துதான் உனக்குத் தெரியுமே, பட்டாளத்தில் கற்றுக்கொண்டது, ஒரு பக்கத்துக்கு ஒரு மாலை ஆகிறது. எனக்கு மூன்றாவதும் பெண். பிரசவத்தில் மனைவி கஷ்டப்பட்டாள், இப்போது நலம். செம்பட்டை ஒட்டகம் குட்டி போட்டது, அது நொண்டுகிறது. உன் ஊன்றுகோலை அனுப்பு என்று என் பெரியவள் சொல்கிறாள், வாய் அதிகம் அவளுக்கு. நாம் இறங்குகிற கயிற்றை வெயிலில் போடாமல் சுருட்டித்தான் வைத்திருக்கிறேன்.

கல்லைப் பற்றிக் கேட்டிருந்தாய். அன்றைக்கு இருந்த பதற்றத்தில் நான் எதைப் பார்த்தேன்? வெயில் பாறையில் பட்டால் கண் கூசும். யாருக்கும் நடக்கக்கூடியதுதான். மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

நெய்யும் காய்ந்த தயிர் உருண்டைகளும் அனுப்பியிருக்கிறேன். நூஃபாவுக்கு என் சலாம்.

முத்லக்


அகபா
9 அக்டோபர் 1994

முத்லக்,

நெய் நன்றாக இருந்தது. மச்சினன் குடும்பமே விரலை நக்கியது.

வெயில் என்கிறாய். மார்ச் மாதம் காலை பத்து மணிக்கு மூன்றாவது திருப்பத்தில் வெயில் ஏதுடா? நடுப்பகலில்கூட உள்ளங்கை அகலத்துக்குத்தான் விழும். அங்கே மதியச் சோற்றைத் தின்றுகொண்டே, "ஃப்ரிட்ஜுக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு" என்று சொன்னவன் நீ.

இன்னொன்று. நான் பார்த்தது மூன்று கல். மேல் கல் வெள்ளை. அது உன் கை. வேறு எவன் அடுக்கியிருந்தாலும் ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்திருப்பேன். உன் கை என்பதால், மழையில் வலப்பக்கம் இடிந்துபோய் மாற்றியிருப்பாய் என்று நினைத்து முழு உடம்பையும் வைத்தேன்.

என் கண் போய்விட்டது என்றால் போய்விட்டது என்று எழுது. பெட்டிகளுக்குக் காவல் இருந்தே காலத்தைத் தள்ளுகிறேன். போகவில்லை என்றால் அதை எழுது. எழுந்ததும் கையை நீட்டி விரல்களை எண்ணிப் பார்க்கிறேன், முத்லக். இப்படி ஒரு மனிதன் இருக்க முடியாது.

சுவைலிம்


வாதி ரம்
2 நவம்பர் 1994

சுவைலிமுக்கு,

உன் கண்ணில் ஒரு குறையும் இல்லை. கல் இடப்பக்கம்தான் இருந்தது. வைத்தவன் நான்.

நம் விருந்தாளிகளைப் பறிக்கிற அந்த வெளியூர் வழிகாட்டிக் குழுவை நீயும் திட்டியிருக்கிறாய். நம் அடையாளங்களைப் பார்த்தே தங்கள் ஆட்களைக் காக்கை இடுக்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று கல்லையும் எடுத்து இடப்பக்கம் அடுக்கிவிட்டேன். உதிரிப் பாறையைப் பார்த்ததும் நின்றுவிடுவார்கள், இறங்கியதும் தங்கள் கயிற்றை அவர்களே உருவிக்கொள்வதால் திரும்பி ஏறவும் முடியாது, அரை நாள் வழி தெரியாமல் தவிக்கட்டும், விருந்தாளிகள் முன்னால் மூக்கு உடையட்டும் என்று நினைத்தேன். எவனும் அதில் கால் வைப்பான் என்று நினைக்கவில்லை.

மறுநாள் மஆனில் சித்தப்பா மகன் கல்யாணம். திரும்பி வந்து உன்னிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று போய்விட்டேன். உன் பிரெஞ்சுக்காரர் சனிக்கிழமை வருவதாக இருந்தது. வியாழனே வந்துவிட்டார். நான் வந்து இறங்கியதும் கேட்டது நீங்கள் இருவரும் திரும்பவில்லை என்ற செய்திதான்.

இன்னும் முடியவில்லை. எழுதிவிடுகிறேன். உன்னைப் பார்த்தேன். நீ கண்ணை மூடித் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாய், பிரெஞ்சுக்காரர் மயங்கிக் கிடந்தார். மற்றவர்கள் மேலே கயிற்றில் இருந்தார்கள். நான் முதலில் கல்லை வலப்பக்கம் மாற்றி வைத்தேன். பிறகுதான் உனக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

வெளியே தெரிந்தால் என் பின்னால் ஒரு ஆடுகூட நடக்காது. எனக்கு மூன்று பெண்கள். நீ சொல்லு, வழக்கப்படி பெரியவர்கள் இரண்டு பேரோடு, ஈடாக ஆட்டை ஓட்டிக்கொண்டு அகபாவுக்கே வருகிறேன். நமக்குள் முடித்துக்கொள்வோம்.

முத்லக்


அகபா
10 நவம்பர் 1994

முத்லக்,

மூன்று முறை படித்தேன். முதல் முறை சிரித்துவிட்டேன். நூஃபா கரண்டியோடு ஓடி வந்தாள். "என்னய்யா, பைத்தியம் புடிச்சிருச்சா?" என்றாள். "என் கண்ணு நல்லாத்தாண்டி இருக்கு" என்றேன். அப்புறம் அழுதோம், இரண்டு பேரும். மூன்றாம் முறை படித்தபோது நீ எதிரில் இருந்திருந்தால் ஊன்றுகோல் உடைந்திருக்கும்.

ஆடு வேண்டாம். அடுத்த வெள்ளிக்கிழமை ஷேக்கின் கூடாரத்துக்கு வருகிறேன். அன்று காப்பி ஊற்றுகிற முறை உன்னுடையது. நீ கோப்பையை நீட்டும்போது, கேட்க ஒன்று இருக்கிறவன் வைப்பதுபோல, நான் வாங்கிக் குடிக்காமல் தரையில் வைப்பேன். என்ன வேண்டும் என்று ஷேக் கேட்பார். கல் எந்தப் பக்கம் இருந்தது என்று உன்னிடம் கேட்பேன். நீ சொன்னால் குடிப்பேன். சொல்லாவிட்டால் காப்பி அப்படியே ஆறட்டும், நான் அதே பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன். உன் கடிதத்தை யாரிடமும் காட்ட மாட்டேன்.

உன் பெண்களை நானும் நினைத்துப் பார்த்தேன். அதனால்தான் நான் சொல்லாமல் உன்னைச் சொல்லச் சொல்கிறேன்.

சுவைலிம்


அகபா
20 நவம்பர் 1994

முத்லக்குக்கு,

கேட்டேன். சொன்னாய். குடித்தேன்.

நீ கோப்பையை நீட்டியபோதே பாதிக் காப்பி என் முழங்காலில் கொட்டியிருந்தது, சூடு இன்னும் எரிகிறது. "அப்ப இவன் கண்ணு போகலியா?" என்று கிழவர் தஃலான் கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர் விஷயத்தையும் நீயே சொல்வாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதை நான் கேட்கவும் இல்லை.

வசந்தத்தில் வருகிற விருந்தாளிக் கூட்டத்தை, ஏற்றம் இல்லாத பாதையில், என்னோடு அனுப்புவதாக ஷேக் சொல்லியிருக்கிறார். நூஃபா இப்போதே மூட்டை கட்டுகிறாள். ஊரார் முன்னால் உனக்கும் எனக்கும் இனி ஒன்றும் பாக்கி இல்லை. எவனாவது உன்னைப் பழித்தால் நானே தடுப்பேன்.

ஆனால் கயிற்றை நீயே வைத்துக்கொள். பதினைந்து வருஷம் அதன் மறுமுனை உன் கையில் இருந்தது. ஒருமுறைகூட நான் மேலே திரும்பிப் பார்த்ததில்லை. இனிப் பார்ப்பேன். மேலே பார்த்துக்கொண்டு இறங்குகிறவன் இறங்கக் கூடாது. எனக்கு வருத்தம்தான், முத்லக். நிறையவே வருத்தம். கடிதம் வேண்டாம். அபூ தாயிஸிடம் சலாம் சொல்லி அனுப்பு, வாங்கிக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை நான் ஏன் தாமதமாக வந்தேன் என்று ஷேக் கேட்டார், பஸ் தாமதம் என்று சொல்லிவிட்டேன். பஸ் சரியான நேரத்துக்குத்தான் வந்தது. நான்தான் பாதியிலேயே இறங்கிக்கொண்டேன். ஊன்றுகோலோடு இரண்டு மணி நேரம் மணலில் நடந்து வந்தேன். வழியில் இரண்டு பேர் எதிர்ப்பட்டார்கள். அவர்களிடம் சலாம் மட்டும்தான் சொன்னேன். வழி கேட்கவில்லை.

சுவைலிம்