அப்பா ஒரு தடவைதான் இமைத்தார்

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்றே நம்புகிறேன். போனில் கேட்கலாமென்றால், வாயைத் திறப்பதற்குள் "ஒரு நிமிஷம்க்கா, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். அந்த நிமிஷம் முடிந்து நீ திரும்ப அழைத்ததாகச் சரித்திரமே இல்லை. அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் துண்டிக்க உனக்கு வழியில்லை.

மூளையில் அடைப்பு வந்து பேச்சும் கைகால்களும் போனபிறகு, அப்பாவுக்குக் கண் ஒன்றுதான் பேசுகிறது. ஒரு தடவை இமைத்தால் ஆமாம், அதற்குமேல் இமைத்தால் வேண்டாம். தண்ணீர் வேண்டுமா, ஃபேனைக் குறைக்கவா, எல்லாம் இப்படித்தான்.

போன வாரம் சித்தப்பா, அப்பாவின் கண்ணில் சொட்டு மருந்து விட்ட கையோடு, "பையனை வரச் சொல்லட்டுமாண்ணே?" என்று கேட்டிருக்கிறார். அந்த எரிச்சலில் யார்தான் இமைக்க மாட்டார்கள்? அப்பா படபடவென்று இமைக்க, இவர் உடனே உனக்குப் போன் போட்டு, "அண்ணன் வேண்டாம்னுட்டாரு" என்று சொல்லிவிட்டார். நீயும் கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல, கேட்டிருந்த லீவை ரத்து செய்துவிட்டாய். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உங்கள் இருவரில் யாரைத் திட்டுவது?

நேற்று முன்தினம் பள்ளியில் காலப் பெயர்கள் பாடம் எடுத்தேன். நிமிஷம் வடமொழியிலிருந்து வந்த சொல். முதலில் அதற்குக் கண்ணை மூடித் திறக்கும் பொழுது என்றுதான் பொருள். அறுபது நொடி என்ற கணக்கு பிற்பாடு ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் எல்லாரும் கண்ணைச் சிமிட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டுப் போகிற நிமிஷத்தை, அப்பா உடம்பில் மிச்சமிருக்கும் பலத்தையெல்லாம் கூட்டித்தான் தருகிறார். இப்போது அந்த இமையைத் தூக்குவதே பெரும்பாடு. "கண்ணும் தளர்ந்துக்கிட்டே வருது, வரவேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க" என்றார் டாக்டர்.

நேற்றுக் காலை, மருந்து விடுவதற்கு முன்பே முகத்தைத் துடைத்துவிட்டு நானே கேட்டேன், தம்பி வரணுமாப்பா என்று. ஒரே தடவை இமைத்தார். மனசு கேட்காமல் மறுபடியும் கேட்டேன். இமைக்கவில்லை. சின்ன வயதில் சொன்னதையே திரும்பக் கேட்டால் முறைப்பாரே, அப்படி முறைத்தார். கண்ணோரம் மட்டும் நனைந்திருந்தது.

உன் வேலை நிலைக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள். டிக்கெட் போட்டதும் ஒரு வரி அனுப்பு. இன்னொரு தடவை அவரிடம் என்னைக் கேட்க வைத்துவிடாதே.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அக்கா