மேலுக்கு எண்ணெய்

முருகன் துணை

ராசிபுரம்
8-9-1943

ஈராக்கில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் என் வீட்டுக்காரருக்கு மயிலம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். அத்தையும் சுகம், அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கே நீங்கள் சுகமில்லை என்று கடிதம் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கடிதம் உங்கள் கையெழுத்தில் இல்லை. உள்ளங்கை வெடித்துப் பேனா பிடிக்க முடியவில்லை, இமை வீங்கிப் படிக்கவும் முடியவில்லை, பக்கத்துக் கட்டில்காரர் வீரபாகுதான் எழுதுகிறார், வருகிற பதிலையும் அவரே படித்துச் சொல்வார் என்று கண்டிருந்தது. வீரபாகு அண்ணனுக்கு என் வணக்கம். அண்ணா, சிரமம் பார்க்காமல் ஒரு வரி விடாமல் உரக்கப் படியுங்கள். மற்றக் கட்டில்காரர்களுக்கும் கேட்டால் நல்லது. இவர் நடுவில் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டாம். கை முடியாதவர் பிடுங்கவா போகிறார்? வழியில் துரைமார் கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பார்களாம். தமிழ் தெரிந்த துரையாக இருந்தால் அவரும் படிக்கட்டும்.

வெயில் அங்கே நெருப்பாகக் கொட்டுகிறது, வேர்வை வெளியே வருவதற்குள் காய்ந்துவிடுகிறது, பிடரித் தோல் உரிந்து தொங்குகிறது, சிரித்தால் உதடு கிழிந்து ரத்தம் வருகிறது, புண்ணுக்குள் மணல் போய் ஆறவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தீர்கள். டாக்டர் உங்களைப் பட்டாளத்திலிருந்து கழித்துவிட்டார், தீபாவளிக்குள் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். எஞ்சாமிக்கு ரோசாப்பூ மேலாச்சே, எண்ணெய் தடவ ஒரு நாதியில்லாமக் கெடக்குதே என்று தெருவே கூடும்படி ஒப்பாரி. அன்று மத்தியானமே ஆமணக்கு முத்தை வறுத்து இடித்து எண்ணெய் காய்ச்ச உட்கார்ந்துவிட்டார்கள்.

எண்ணெய் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சமையல்கட்டுக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். வீரபாகு அண்ணனுக்குத் தெரியாதல்லவா, அவருக்காகச் சொல்கிறேன்.

அண்ணா, நாங்கள் நெசவுக்காரர்கள். பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கட்டிக் கஞ்சி தடவினால்தான் தறியில் இழை அறாது. இவர் பட்டாளத்துக்குப் போவதற்கு முந்தின வருஷம், ஒரு விடியற்காலையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். தண்ணீர் சேந்தி வா என்று அத்தை கூப்பிட்டார்கள். போய் வருவதற்குள் கஞ்சி கட்டி தட்டிவிட்டது. இவர் வந்து அகப்பையால் தூக்கிப் பார்த்தார். இதையா பாவுக்குப் போடறது, நீயே போட்டுக்க புள்ள என்று சொல்லி, அடுப்பிலிருந்து இறக்கிய பானையை என் முதுகில் கவிழ்த்துவிட்டார். வெந்நீர் என்றால் வழிந்து ஓடிவிடும். கஞ்சி ஓடாது, ஒட்டிக்கொண்டு நின்று சுடும். நான் கத்தியது தெருக்கோடி வரைக்கும் கேட்டதாம்.

அத்தை ஓடினார்கள், என்னிடம் இல்லை, வாசலுக்கு. எதிர் வீட்டு மரத்தில் வேப்பிலையை ஒடித்து நிலைப்படியில் செருகிவிட்டு, கூடி வந்தவர்களிடம் எங்க ஊட்டுல ஆத்தா வந்திருக்கா, யாரும் உள்ள வராதீங்க என்று கும்பிட்டார்கள். மருமகளுக்கு அம்மை என்று தெரு நம்பிவிட்டது. அம்மை கண்ட வீட்டில் யார் நுழைவார்கள்? வைத்தியரும் வாசலோடு கும்பிட்டுத் திரும்பிவிட்டார். அம்மை என்றால் மருந்து கிடையாது, தாளிப்பு கிடையாது, மேலுக்கு எண்ணெய் காட்டவே கூடாது. ஒரு சொட்டு தடவுங்கள் அத்தை என்று காலைப் பிடித்துக் கெஞ்சினேன். ஆத்தா கோவிச்சுக்குவா என்று சொல்லி எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிப் பரணில் வைத்தார்கள். பொய் சொன்னவர்களே அந்தப் பொய்க்கு எவ்வளவு பயபக்தியாக இருந்தார்கள் பாருங்கள் அண்ணா! இவர் அந்த நாளெல்லாம் முன்கட்டில் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். என் முனகல் கேட்டால் மிதியை இன்னும் பலமாக மிதிப்பார்.

தெருப் பெண்கள் வாசலில் நின்று என்னைக் கும்பிட்டார்கள். கூழும் இளநீரும் கொண்டுவந்து வைத்தார்கள், அத்தை குடித்தார்கள். ஒருத்தி எனக்கொரு ஆம்பளப் புள்ள குடு தாயே என்று வெளியே நின்று வரம் கேட்டாள். நான் உள்ளே வாழையிலையில் குப்புறக் கிடந்தேன். அம்மை இறங்கினால் மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீரைத் தலைக்கு ஊற்ற வேண்டுமே, அதையும் விடவில்லை. கழுத்துவரை சேலையைப் போர்த்தி, முகம் தெரியாமல் மஞ்சளை அப்பி, ஊர் பார்க்க உட்கார வைத்து, அந்தத் தண்ணீரைப் பச்சைப் புண்ணில் ஊற்றினார்கள். நான் அலறினேன். ஆத்தா மலை ஏறறா என்று எல்லோரும் குலவை போட்டார்கள். இவர்தான் குடத்தைத் தூக்கிக் கொடுத்தார்.

பின்வீட்டுச் சௌந்திரம் மட்டும் நம்பவில்லை. தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரும் தேங்காயெண்ணெயும் சமமாகக் கலந்து, வெள்ளையாகக் குழம்பாகும் வரைக்கும் குலுக்கி, ஒரு புட்டியில் அடைத்துப் பின்சுவர் வழியாக நூல்கட்டி இறக்கினாள். அத்தை தூங்குகிற நேரம் பார்த்துத் தடவிக்கொள்வேன். கை எட்டின இடமெல்லாம் ஆறியது. நடு முதுகுக்குக் கை எட்டவில்லை. அங்கே தோல் சுருங்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கும் இடது கையைத் தலைக்கு மேல் தூக்க வராது. அவ்வளவுதான் அண்ணா, இனி இவருக்கு எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் எதையோ பேசிக்கொண்டிருக்கிறேன். உதட்டை நாக்கால் நனைக்காதீர்கள். அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக வெடிக்கும். கொஞ்சம் நெய் தொட்டு வைத்தால் போதும். சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டாம். புண்ணில் மணல் இருந்தால் தட்டக்கூடாது, ஈரத்துணியைப் போட்டு ஊற வைத்து ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். பிடரியில் நனைத்த துணி போட்டுக்கொள்ளுங்கள். உரிகிற தோலைப் பிய்க்க வேண்டாம், அது தானாக விழும். உங்களுக்குப் பொறுமை போதாது, பிய்ப்பீர்கள். என் முதுகில் சேலை ஒட்டிக்கொண்டபோது அத்தை ஒரே இழுப்பாக இழுத்தார்கள். மெல்ல எடுத்தாத்தான் வலிக்கும் என்றார்கள். அது பொய் என்று நான் உங்களுக்குச் சத்தியம் செய்து சொல்ல முடியும்.

வேறு ஊர்ச் செய்தி என்றால், நூல் கிடைக்கவில்லை, பாதித் தறி சும்மா கிடக்கிறது. இந்த வருஷமும் மழை ஏமாற்றிவிட்டது, கிணற்றில் அடி மண் தெரிகிறது. நம் தறியை நான்தான் ஓட்டுகிறேன். ஒரு கையைத் தோளுக்கு மேல் தூக்காமல் நெய்யப் பழகிவிட்டேன்.

பழசை மனசில் வெச்சுக்காத மயிலு என்று கடைசியில் எழுதச் சொல்லியிருந்தீர்கள். மயிலு என்று நீங்கள் என்னைக் கூப்பிட்டதே இல்லை, கறுவாச்சி என்றுதான் கூப்பிடுவீர்கள். இப்போது நீங்களே கரிக்கட்டையாகி விட்டீர்கள் என்று வீரபாகு அண்ணன் ஓரத்தில் எழுதியிருந்தார், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பழசை நான் மனதில் வைக்கவில்லை. அது முதுகில் இருக்கிறது. நீங்களோ, முதுகில் கை எட்டவில்லை, ஊருக்கு வந்தால் நீதான் தினம் எண்ணெய் தடவ வேண்டும், உன்னை விட்டால் யாரிருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான். என்னை விட்டால் யாரும் இல்லை.

அத்தையை வாழப்பாடியில் உங்கள் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். தெருவில் அங்கங்கே அம்மை என்று சொல்கிறார்கள், வயசான உடம்பு இங்கே இருக்கக்கூடாது என்றேன். அவர்களே சொல்லிக்கொடுத்த பேச்சுதானே, உடனே மூட்டை கட்டினார்கள். போகும்போது, காய்ச்சின எண்ணெயைத் தகர டப்பாவில் ஊற்றி, இதை எஞ்சாமிக்குத் தபாலில் அனுப்பிப் போடு என்று என் கையில் கொடுத்து அழுதார்கள். நான் அனுப்பவில்லை. பரணில், பழைய எண்ணெய்ச் சட்டி இருந்த அதே இடத்தில் வைத்திருக்கிறேன். படுத்தால் கண்ணுக்குத் தெரியும்.

உங்களை வண்டியிலிருந்து இறக்கும்போது வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். போன மாசம் கிளை கழித்த எதிர் வீட்டு மரம் இப்போதுதான் துளிர் விட்டிருக்கிறது, நீங்கள் வருவதற்குள் தழைத்துவிடும். வீங்கின கண்ணும் வெடித்த மேலுமாக வருகிறவரைப் பார்த்துத் தெரு வேறென்ன நினைக்கும்? நிலைப்படியைத் தாண்டி ஒருவரும் வரமாட்டார்கள். நீங்கள் கூப்பிட்டால் கும்பிடுவார்கள். நீங்கள் அலறினால் குலவை போடுவார்கள். இன்னொரு புட்டி கலந்து வைக்கட்டுமா என்று சௌந்திரம் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள். வேண்டாம் அக்கா என்று சொல்லிவிட்டேன்.

ஆகையால் தாமதிக்காமல் புறப்பட்டு வாருங்கள். கப்பலிலோ ரயிலிலோ யாராவது இரக்கப்பட்டு மருந்து கொடுத்தால் வாங்காதீர்கள், ஆத்தா கோபித்துக்கொள்வாள். நடுவழியில் உங்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று தினமும் விளக்கு ஏற்றிக் கும்பிடுகிறேன். உயிரோடும் உணர்வோடும் என் கையில் வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
மஞ்சள் அரைத்து வைத்துக் காத்திருக்கும் உங்கள் மனைவி
மயிலம்மாள்