பூட்டைப் பற்றி எழுதிய வலைப்பூ

டைரி, 14 ஆகஸ்ட் 2007, செவ்வாய்

இன்று காலை கம்பெனிக்குப் போனபோது பெண்கள் கழிப்பறைக் கதவில் பூட்டு இல்லை. மதியச் சாப்பாடு வரைக்கும் அதைப் பூட்டி வைப்பது சூப்பர்வைசரின் வழக்கம். போன வாரம் நான் தொடங்கிய வலைப்பூவில் முதல் பதிவே அந்தப் பூட்டைப் பற்றித்தான். கம்பெனி பெயரையோ, அது இருக்கும் எண்ணூரையோ அதில் நான் எழுதவில்லை.

சாப்பிடும்போது, என்னோடு பேக்கிங்கில் நிற்கும் தேவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யாரோ நம்ம பூட்டு மேட்டர கம்ப்யூட்டர்ல எழுதிக்கீறாங்களாமே, உனுக்குத் தெரியுமாக்கா?"

"எனுக்கு இன்னாத்துக்கும்மா அதெல்லாம்?" என்றேன்.

அவளாகக் கேட்டாளா, சூப்பர்வைசர் கேட்கச் சொன்னாரா என்று புரியவில்லை. பாதிச் சாப்பாட்டோடு டப்பாவை மூடினேன்.

சாயங்காலம் திருவொற்றியூர் பிரவுசிங் சென்டரில் வலைப்பூவைத் திறந்தேன். பெயரில்லாமல் ஒரு பின்னூட்டம் வந்திருந்தது.

"பூட்டை எடுத்தாச்சு. இன்னும் எழுதுங்க அக்கா."

நான் எழுதுவது ஓர் ஆண் பெயரில்.

பதிவை அழித்துவிடத்தான் நினைத்தேன். அழித்தால் நாளைக்கே பூட்டு திரும்பி வந்துவிடும் என்று தோன்றியது, விட்டுவிட்டேன். பதிலும் போடவில்லை.

யார் எழுதியிருப்பார்கள்? தேவி என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். சூப்பர்வைசரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.